நான் சாப்பிடச் சொன்ன ஓட்ஸ் பார்

போன மாதம், மருத்துவமனையில் இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் பெண் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேசைமேல் நாலு ஸ்நாக் பார் பாக்கெட்டுகள். கீழே கேள்வி: "மேடம், கோதுமை ஆகாத பேஷன்ட் ஒருத்தர் கொண்டாந்திருக்கார். நாலுலயும் ஓட்ஸ் இருக்கு. ரெண்டுல குளூட்டன் ஃப்ரீனு போட்டிருக்கு, ரெண்டுல ஒண்ணும் போடலை. எதைச் சாப்பிடச் சொல்லட்டும்?"

"ஒண்ணும் போடாத ரெண்டையும் வேணாம்னு சொல்லிடும்மா. மீதியைப் பத்தி விவரமா எழுதி அனுப்புறேன்" என்று பதில் போட்டேன். அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது, ஓட்ஸைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது என்று தெரிந்தது. கௌசல்யாவைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு ஓட்ஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவளால் தெரிந்ததுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் மனையியல் படித்தேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் பயிற்சி. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு எடை மெஷின். கதவில் 'உணவு ஆலோசகர்' என்று எழுதியிருந்தாலும் எல்லாரும் 'டயட்டு மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அறையிலேயே இருபத்தெட்டு வருஷம் போயிற்று.

எனக்கு மேலே இருந்தவர் வயிறு, குடல் பார்க்கும் டாக்டர். வார்டு பாய் முதல் மருந்துக்கடைக்காரர் வரை அவரைப் பெரிய டாக்டர் என்போம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கேஸ் ஷீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பார். "நோயாளி இன்னைக்கு எங்க நிக்கறார்னு தெரிஞ்சாத்தான், எங்கிருந்து வந்தார்னு புரியும்" என்பார். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நாங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடச் சொல்வார். நாமே கண்ணால் பார்த்தது என்றால் 'பா'. நோயாளியோ கூட வந்தவரோ சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது பள்ளிக்கூட வாத்தியார் வேலை மாதிரி தோன்றியது. ஆனாலும் போட்டேன்.

வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். சர்க்கரை நோயாளி ஒருவர். பூக்கடை வைத்திருந்தவர். "சக்கரையைக் கண்ணால கூட பாக்கறதில்லைம்மா" என்று சத்தியம் செய்தார். 'இனிப்பு இல்லை — கே' என்று எழுதினேன். இரத்தத்தில் சர்க்கரை மட்டும் குறையவே இல்லை. ஒருநாள் பூ வாங்கப் போனபோது ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன்: பக்கத்து டீக்கடையிலிருந்து அரை மணிக்கு ஒரு டீ வந்துகொண்டிருந்தது. எல்லாம் நல்ல ஸ்ட்ராங்கான சர்க்கரை டீ. டீயில் போடுவது அவர் கணக்கில் சர்க்கரையே இல்லை. 'அரை மணிக்கு ஒரு சர்க்கரை டீ — பா' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரிய டாக்டர் சிரித்தார். "நல்லா பாத்தீங்க" என்றார்.

அந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு நோயாளிகள் மறைப்பதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். தலையணைக்குக் கீழே ஊறுகாய், டிபன் பாக்ஸின் அடித்தட்டில் வடை, கிரிவலம் போன கையோடு வழியெல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து "வெறும் தண்ணிதாங்க" என்பது. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நர்ஸுகள் என்னை சி.ஐ.டி. மேடம் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கௌசல்யா வந்தாள்.

இருபத்திரண்டு வயது. செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். அப்பா ஏழுமலை விவசாயம். பி.ஏ. முடித்துவிட்டு, டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும். ஆனால் அவளால் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற முடியவில்லை. இரத்தம் எட்டு கிராம்தான் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறவில்லை. வயிறு உப்புசம், பேதி. பெரிய டாக்டர் இரத்தத்தில் ஒரு விசேஷப் பரிசோதனை செய்து, எண்டோஸ்கோப்பி வைத்துக் குடலிலிருந்து சின்னத் துணுக்கெடுத்து அனுப்பினார். சீலியாக் என்று வந்தது.

நம் பக்கம் அதிகம் பார்க்காத நோய் அது. கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுகுடலின் உட்சுவர் புண்ணாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

அந்த 'அவ்வளவுதான்' என் பொறுப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து கௌசல்யாவுக்காக ஒரு பட்டியல் எழுதினேன். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் என்று தெரிந்ததெல்லாம் வந்தது. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்பது வரை எழுதினேன். "பெருங்காயத்துலயா!" என்று பெரிய டாக்டரே ஆச்சரியப்பட்டார். வீட்டில் கேழ்வரகு அரைக்க மில்லுக்குக் கொண்டுபோனால், முன்னால் கோதுமை அரைத்த மெஷினில் போடக்கூடாது என்றும் எழுதியிருந்தேன்.

ஒரு நாட்குறிப்புப் படிவமும் தயாரித்துக் கொடுத்தேன். வெளியில் சாப்பிட்டது, சந்தேகமானது எதுவானாலும் நேரம், இடம், அளவு எல்லாம் விவரமாக எழுத வேண்டும். நான் அனுமதித்த பொருளாக இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். எழுதுகிறவர்களுக்குச் சிரமம் குறையுமே என்று அப்படிச் செய்தேன்.

கௌசல்யா ஒருநாள் விடாமல் எழுதினாள். நாலு மாதத்தில் இரத்தம் பதினொன்றுக்கு வந்தது. எடை ஏறியது. அந்த விசேஷப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண், நாங்கள் 'கெட்ட எண்' என்போம், பாதியாக இறங்கியிருந்தது. திரும்பவும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

"மேடம், ஓடி முடிச்சதும் கண்ணு இருட்டிட்டு வருது, அப்படிப் பசிக்குது" என்றாள் அந்த முறை. "மத்த பொண்ணுங்க எல்லாம் பிஸ்கட் எடுத்துட்டு வர்றாங்க. நான் என்னா எடுத்துட்டுப் போறது?"

அந்த வாரம்தான் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோரில் ஓட்ஸ் பார் பார்த்திருந்தேன். தேன், பாதாம், உலர்திராட்சை. பையில் வைத்துக்கொள்ள வசதி. எந்த வருஷமோ ஒரு கருத்தரங்கில் 'ஓட்ஸ் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்' என்று யாரோ பேசியது நினைவில் இருந்தது.

"ஓட்ஸ் பார் வாங்கிக்கோ. அதுல கோதுமை கிடையாது. ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முடிச்சதும் ஒண்ணு" என்றேன். பட்டியலில் 'சாப்பிடலாம்' பகுதியின் கீழே என் கையெழுத்தில் 'ஓட்ஸ் பார்' என்று சேர்த்தேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இரத்தம் ஒன்பது. கெட்ட எண் மறுபடி ஏறியிருந்தது. நாட்குறிப்பைப் புரட்டினேன். டிக், டிக், டிக். வெளிச்சாப்பாடு என்று ஒரு வரி இல்லை. இருபது வருஷ அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான நாட்குறிப்பை நான் நம்பியதே இல்லை.

"மைதானத்துக்கு வெளியில என்ன கடை இருக்கு?" என்று கேட்டேன்.

"பரோட்டாக் கடை மேடம். ஆனா நான்..."

"மத்த பொண்ணுங்க சாப்பிடறாங்களா?"

"சாப்பிடுவாங்க. நான் நின்னு பேசிட்டு இருப்பேன். சத்தியமா நான் தொடறதில்லை மேடம்."

சத்தியம் என்றதும் எனக்கு அந்தப் பூக்கடைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"உங்க பொண்ணு டவுனுக்கு வர்ற இடத்துல வெளியில சாப்பிடறாங்க. எங்களுக்குத் தெரிஞ்சுடும். கொஞ்சம் கண்டிச்சு வைங்க. இல்லைன்னா வைத்தியம் பாத்துப் பிரயோஜனமில்லை."

ஏழுமலை மகளை ஒருமுறை பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கௌசல்யா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அப்பா பின்னால் போனாள்.

'பரோட்டா சாப்பிடுகிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். பக்கத்தில் என்ன எழுத்துப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மத்தியானம் பெரிய டாக்டர் ஷீட்டோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இது பார்த்ததா, கேட்டதா?"

"ரெண்டும் இல்லை சார். அனுபவத்துல தெரியுது."

"நம்மகிட்ட மூணாவது எழுத்து இல்லையே மேடம்" என்றார். ஷீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நிமிஷமே ஏழுமலைக்கு போன் செய்து, "நான் அவசரப்பட்டுட்டேன், பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஷீட்டின் முதல் பக்கத்தில் அவர் எண் இருந்தது. நான் செய்யவில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கௌசல்யா அம்மாவோடு வந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. இரத்தம் பத்தரை. கெட்ட எண் நன்றாகவே இறங்கியிருந்தது. நான் ஜெயித்த மாதிரி நினைத்துக்கொண்டேன்.

"பாத்தியா? கட்டுப்பாடா இருந்தா எப்படிக் கம்மியாகுதுன்னு. ஓடப் போறியா?"

"இல்லை மேடம். அப்பா டவுனுக்கு அனுப்பறதில்லை."

"தேர்வு?"

"போன மாசமே முடிஞ்சிடுச்சு. கடுதாசி வந்துச்சு. அப்பா அனுப்ப மாட்டேன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "பொய் சொல்ற பொண்ணுக்குப் போலீஸ் வேலை எதுக்குன்னு கேட்டாரு" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அவள் அம்மா தரையைப் பார்த்தபடி, "அவரு இவகிட்ட ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்லைங்க" என்றார்.

நாட்குறிப்பை வாங்கினேன். ஓடப் போகாத நாட்களிலும் அவள் எழுதியிருந்தாள். அன்றைக்கு ஏனோ பெரிய டாக்டரைப் போலக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காலை, மதியம், இரவு எல்லாவற்றிலும் டிக். இடையில் 'சிற்றுண்டி' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டு மாதமும் வெறுமை. அதற்கு முந்தின மூன்று மாதம் அந்தக் கட்டத்தில் தினமும் இரண்டு டிக். அதற்கும் முந்தின நாலு மாதம், உடம்பு தேறிய நாலு மாதம், மறுபடி வெறுமை.

"இந்த டிக் என்ன கௌசல்யா?"

"நீங்க சொன்ன ஓட்ஸ் பார்தான் மேடம். ஓடப் போறதில்லைன்னு இப்ப வாங்கறதில்லை."

அவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்கே போனேன். பாரை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமமான எழுத்து. கடைசி வரியில், கோதுமையும் பார்லியும் கையாளும் ஆலையில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. குளூட்டன் இல்லை என்று தயாரித்தவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. உள்ளதை எழுதித்தான் வைத்திருந்தார்கள். குளூட்டன் இல்லை என்று சொன்னது நான்தான்.

பாக்கெட்டைப் பெரிய டாக்டர் மேசைமேல் வைத்தேன். "சார், இதைச் சாப்பிடச் சொன்னது நான். பரோட்டா இல்லை. அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்."

அவர் பூதக்கண்ணாடி எடுத்துப் பின்பக்கத்தை முழுவதும் படித்தார். நாட்குறிப்பையும் வாங்கி, விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். "இன்னும் மூணு மாசம் இது இல்லாம பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்" என்றார். "ஆனா அந்தப் பொண்ணு அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஷீட்டுல எழுதுங்க. அப்புறம் அவங்ககிட்ட சொல்லுங்க."

"எப்படி சார் எழுதறது?"

"நடந்த மாதிரி."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'பரோட்டா என்று நான் சொன்னது தவறு. லேபிள் பார்க்காமல் ஓட்ஸ் பார் பரிந்துரைத்தது நான்.' பக்கத்தில் 'பா' போட்டேன். அவர் ஷீட்டை வாங்கி, எனக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'சிற்றுண்டி என்ன என்று நானும் கேட்கவில்லை.' கையெழுத்துப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் அறைக்கு வந்து, கௌசல்யாவிடம் முதலிலிருந்து சொன்னேன். எழுதி வைத்துப் படிப்பது போல, ஒன்றும் விடாமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இதை எங்க அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா மேடம்?" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நிலத்தில் கௌசல்யாவும் அவள் அப்பா அம்மாவும் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஏழுமலை என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தார். "வாங்க மேடம்" என்று சொன்னாரே தவிர உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"அப்ப பொய் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"பொய்னு எதுவும் இல்லைங்க. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உங்க பொண்ணு நான் சொன்னதை அப்படியே கேட்டதாலதான் அவளுக்கு உடம்பு கெட்டுச்சு. வெளியில அவ எதையும் தொடலை."

அவர் செடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "பரீட்சை முடிஞ்சு பூடுச்சே மேடம்."

"ஆமாங்க."

மகள் பக்கம் திரும்பினார். "நீ ஏன் எங்கிட்ட சண்டை போடலை?"

"போட்டேன்பா. மூணு நாளு துன்னாம கூட கிடந்தேன். மேடமே சொல்ட்டாங்கன்னு நீதான் சொன்ன."

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறா என்று எனக்குத் தெரியாது. "போய் மோர் கொண்டா, மேடம் வெயில்ல நிக்கறாங்க" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகப் பேசியது அன்றுதான் என்று அவள் அம்மா பின்னால் சொன்னார். ஏழுமலையே என்னைப் பஸ் நிற்கும் இடம் வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "திருப்பி ஓட அனுப்பறேன். இந்த வாட்டி அவளுக்கு என்னா துன்னக் குடுக்கலாம்னு சரியாப் பாத்து சொல்லுங்க" என்றார்.

அந்தச் 'சரியாப் பாத்து' எனக்குள் இன்னும் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவள் அளவு இயல்புக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் நானும் அவளும் சேர்ந்து பார் தேடினோம். தேடல் என்றால் நிஜமாகவே தெருத்தெருவாக.

முதலில் டவுனில் உள்ள பெரிய கடைகள். ஓட்ஸ் இல்லாத பார்களும் இருந்தன. ஆனால் இரண்டில் மால்ட் இருந்தது. மால்ட் என்றால் பார்லி. ஒன்றில் கோதுமையின் சுவடு இருக்கலாம் என்று போட்டிருந்தது. பிறகு ரமணாசிரமம் பகுதிக்குப் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாயிற்றே, அங்கே கட்டாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரு சின்ன கஃபேயில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று சாக்பீஸில் எழுதி, பேரீச்சை பார் வைத்திருந்தார்கள். நான் பையைத் திறந்துவிட்டேன். கௌசல்யா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, இதை இங்கயே செய்யறீங்களா?" என்று கவுன்டரில் இருந்த பெண்ணைக் கேட்டாள்.

"ஆமாம்மா, நான்தான் செய்யறேன்."

"இது வேகற தட்டுலயே ரொட்டியும் வேகுமா?"

"ஒரே ஓவன்தான். தட்டை நல்லாத் தொடைச்சிடுவேன்."

"ஒட்டாம இருக்க என்னா தூவுவீங்க?"

"மைதாதான்..." என்று ஆரம்பித்த அந்தப் பெண் நிறுத்திவிட்டார். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அய்யோ. இதை நிறைய பேர் கேட்டு வாங்கிட்டுப் போறாங்களே. போர்டை அழிச்சிடணுமா?"

"அழிச்சிடுங்கக்கா. தனித் தட்டு வெச்சு, அரிசி மாவு தூவினீங்கன்னா திருப்பி எழுதலாம்."

அன்று முழுக்க அவள்தான் கேள்வி கேட்டாள். கடைசியில் பெரிய தெரு பக்கம் கடலை மிட்டாய் போடுகிற ஒருவரைக் கண்டுபிடித்தோம். பலகையில் என்ன தேய்க்கிறார், பாகில் என்ன சேர்க்கிறார், அந்த இடத்தில் வேறு என்ன செய்கிறார் என்று அவரையும் குடைந்தாள். "அரிசி மாவும்மா, வேற ஒண்ணும் இல்லை. வேணும்னா உள்ள வந்து பாரு" என்றார். உள்ளே போய்ப் பார்த்தாள். அப்புறம்தான் வாங்கினாள்.

ஓட்ஸைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், கேள்வி கேட்ட பெண்ணுக்காக. ஓட்ஸில் இருப்பது கோதுமையின் குளூட்டன் இல்லை. சுத்தமான ஓட்ஸ் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஓட்ஸ் சுத்தமாக நம் கைக்கு வருவது அபூர்வம். பக்கத்து வயலில் கோதுமை. அதே லாரியில் கோதுமை. அதே ஆலையில் கோதுமை. அதனால் குளூட்டன் இல்லை என்று பரிசோதித்து முத்திரை போட்ட ஓட்ஸைத் தவிர மற்றதைத் தொடக்கூடாது. அந்த முத்திரை இருந்தாலும் முதல் நாளே கொடுக்கக்கூடாது. குடல் ஆறி, இரத்தம் இயல்புக்கு வந்த பிறகு, டாக்டர் சம்மதத்தோடு, கொஞ்சமாக ஆரம்பித்து, திரும்பவும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சிலருக்கு சுத்தமான ஓட்ஸே ஆகாது. கௌசல்யாவுக்குக் கெடுதல் செய்தது அந்த ஆலையின் கோதுமையா, ஓட்ஸேதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவளும் விரும்பவில்லை. "எனக்கு ஓட்ஸ் சங்காத்தமே வேணாம் மேடம்" என்றுவிட்டாள்.

என் படிவத்தையும் மாற்றினேன். டிக் போடும் வழக்கத்தை எடுத்துவிட்டேன். நான் அனுமதித்த பொருளாக இருந்தாலும் பெயரை எழுத வேண்டும். பாக்கெட்டில் வந்ததென்றால் பின்பக்கத்தை வெட்டி ஒட்ட வேண்டும். நோயாளிகள் முனகினார்கள். நான் விடவில்லை.

கௌசல்யா அடுத்த ஆளெடுப்பு வரை காத்திருந்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி பாஸானாள், இந்த முறை ஓடினாள். போலீஸ் கிடைக்கவில்லை, மதிப்பெண் சற்றுக் குறைந்துவிட்டது. அதே தேர்வில் சிறைக் காவலர் வேலை கிடைத்தது. போனில் சொன்னாள். "முதல் வாட்டியே போயிருந்தா போலீஸ் கிடைச்சிருக்குமோ என்னவோ" என்று அவளே சொல்லிவிட்டு, "விடுங்க மேடம், யாருக்குத் தெரியும்" என்றாள். பயிற்சிப் பள்ளி மெஸ்ஸில் இரவு சப்பாத்தி போடுவார்கள், தனக்குக் கோதுமை ஆகாது என்று ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டாள். அன்றே எழுதி, பெரிய டாக்டர் கையெழுத்தோடு அனுப்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்னால், செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். புதிதாக சீலியாக் என்று கண்டுபிடித்திருந்தார்கள். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கடையில் பார் வாங்குவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. தட்டு, ஓவன், தூவும் மாவு, மால்ட், ஆலை, முத்திரை.

"என் தங்கச்சி ஜெயில்ல வேலை பாக்கறாங்க" என்றார். "அவங்க கூட வேலை பாக்கற பொண்ணு எழுதிக் கொடுத்தது. அந்தப் பொண்ணுக்கும் இதே நோயாம். முதல்ல ஒரு டயட்டீஷியன் ஓட்ஸ் பார் சாப்பிடலாம்னு தப்பா சொல்லிட்டாங்களாம். அப்புறம் அவங்களே நிலத்துக்கு வந்து, அந்தப் பொண்ணோட அப்பா முன்னாடி நின்னு, தப்பு என் மேலன்னு சொன்னாங்களாம். அதனால நீங்களும் போற இடத்துல தைரியமாக் கேளுங்க, கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்கன்னு சொல்லிவிட்டா."

"அந்த டயட்டீஷியன் பேரு சொன்னாங்களா?"

"இல்லைங்க. நானும் கேட்டேன், பேரு எதுக்குன்னுட்டா."

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அது நான்தாங்க" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். நான் ஓட்ஸ் சாப்பிடலாமா, கூடாதா?"

"இன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க. இப்போதைக்கு அது இல்லாம இருங்க. உடம்பு தேறட்டும், ரத்தத்தைப் பாத்துட்டு டாக்டரோட உக்காந்து முடிவு பண்ணலாம்."

அவர் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சரி, சொல்லுங்க. காலையில இருந்து ஆரம்பிக்கலாம்."